அக்கம்பக்கம் பழகவும் மரம் தழைக்கவும் ஒரு குடியிருப்பை எப்படி அமைப்பது?

சில நூறு வீடுகள் கொண்ட ஒரு குடியிருப்பைப் புதிதாகத் திட்டமிடும்போது, அங்கு வாழப்போகிறவர்கள் இயற்கையோடும் ஒருவரோடொருவரும் நெருக்கமாக இருக்க என்ன செய்ய வேண்டும், நடுவே பெரிய பூங்கா ஒன்றும் அதனருகே ஒரு சமூகக்கூடமும் அமைத்துவிட்டால் போதாதா என்பது கேள்வி. போதாது என்பது என் பதில். பூங்காவும் கூடமும் இருக்கட்டும். ஆனால் அவை இரண்டும் ஒருவர் நேரம் ஒதுக்கி, கிளம்பிப் போக வேண்டிய இடங்கள். வேலைக்குப் போய்த் திரும்புபவர், கைக்குழந்தை வைத்திருப்பவர், முழங்கால் வலியோடு இருக்கும் முதியவர் ஆகிய மூவருமே அப்படிக் கிளம்பிப் போவது அரிது.

மனிதர்கள் பழகுவது பெரும்பாலும் திட்டமிட்டு நடப்பதில்லை. குப்பையைக் கொண்டுபோய்ப் போடும்போதும், பேருந்துக்கு நடக்கும்போதும், விளையாடும் பிள்ளையைத் தேடி வெளியே வரும்போதும் திரும்பத் திரும்பக் கண்ணில் படும் முகம்தான் நாளடைவில் பெயரோடு அறிமுகமாகிறது. அந்த அறிமுகம்தான் ஒரு நாள் அவசர உதவிக்குக் கதவைத் தட்டும் உரிமையைத் தருகிறது. மரத்தோடும் மண்ணோடும் உள்ள உறவும் இதே போன்றதுதான். மாதம் ஒருமுறை போகும் காட்டைவிட, நாள்தோறும் கடந்து போகும் ஒற்றை மரத்தின் இலையுதிர்வும் தளிரும் நமக்கு நன்றாகத் தெரியும். எனவே ஒரு திட்ட வரைபடம் கைக்கு வந்தால், பசுமைப் பரப்பு எத்தனை ஏக்கர் என்று பார்ப்பதற்கு முன், வீட்டு வாசலிலிருந்து பேருந்து நிறுத்தத்துக்கும் பள்ளிக்கும் கடைக்கும் கார் நிறுத்துமிடத்துக்கும் நடக்கும் வழிகள் எதன் ஊடாகச் செல்கின்றன என்றுதான் நான் பார்ப்பேன்.

இடத்தின் அமைப்பு நட்பைத் தீர்மானிக்கும் என்பது வெறும் ஊகமில்லை. அமெரிக்காவின் எம்.ஐ.டி. பல்கலைக்கழகத்தில் திருமணமான மாணவர்களுக்காகக் கட்டப்பட்ட குடியிருப்புகளை லியான் ஃபெஸ்டிங்கர், ஸ்டான்லி ஷாக்டர், கர்ட் பேக் ஆகியோர் ஆராய்ந்து 1950-இல் முடிவுகளை வெளியிட்டனர். ஒரே தளத்தில் ஐந்து வீடுகள் வரிசையாக இருந்த கட்டடங்களில், அடுத்த வீட்டுக்காரரை நெருங்கிய நண்பராகக் குறிப்பிட்டவர்கள் 41 விழுக்காடு. நான்கு கதவுகள் தள்ளி இருந்தவரைக் குறிப்பிட்டவர்கள் 10 விழுக்காடு மட்டுமே. இரண்டுக்கும் இடையே இருந்தது சில பத்து அடிகள்தான். மாடிப்படியின் அடியில் வீடு அமைந்தவர்களுக்கு மேல்தளத்திலும் நண்பர்கள் அதிகம் இருந்தனர், ஏனென்றால் மேலே போகிறவர்கள் அவர்கள் வாசலைக் கடந்தே போக வேண்டியிருந்தது. அங்கே குடியேறியவர்கள் யாரும் அண்டை வீட்டாரைத் தேர்ந்தெடுத்து வரவில்லை. படிக்கட்டை எங்கே வைப்பது என்று வரைந்தவர், தெரிந்தோ தெரியாமலோ, அவர்களுடைய நட்புகளையும் சேர்த்தே வரைந்திருக்கிறார்.

இதே உண்மையின் மறுபக்கத்தை நகரத் திட்டமிடல் ஆய்வாளர் டொனால்ட் ஆப்பிள்யார்ட் சான் பிரான்சிஸ்கோ நகரின் மூன்று தெருக்களில் கண்டார். ஒன்றில் நாளொன்றுக்குச் சுமார் 2,000 வாகனங்களும், இன்னொன்றில் சுமார் 8,000-மும், மூன்றாவதில் சுமார் 16,000-மும் ஓடின. வாகனம் குறைந்த தெருவில் ஒருவருக்குச் சராசரியாக அதே தெருவில் மூன்று நண்பர்களும் ஆறுக்கு மேற்பட்ட அறிமுகமானவர்களும் இருந்தனர். வாகனம் மிகுந்த தெருவில் நண்பர் ஒருவர்கூட முழுதாக இல்லை, சராசரி 0.9, அறிமுகமானவர்கள் மூவர். எதுவரை உங்கள் வீட்டின் எல்லையாக உணர்கிறீர்கள் என்று கேட்டபோது, முதல் தெருக்காரர்கள் தெரு முழுவதையும் வரைந்து காட்டினர். மூன்றாவது தெருக்காரர்கள் தங்கள் கட்டடத்துக்குள்ளேயே ஒடுங்கிவிட்டனர். 1970-களின் தொடக்கத்தில் வெளிவந்த இந்த ஆய்வை, சாலையை அகலப்படுத்தும் ஒவ்வொரு முடிவுக்கு முன்பும் ஒருமுறை புரட்டிப் பார்ப்பது நல்லது.

இவற்றில் மரத்துக்கு என்ன வேலை என்று தோன்றலாம். சிகாகோவில் ராபர்ட் டெய்லர் ஹோம்ஸ் என்ற பெரிய அரசுக் குடியிருப்பு ஒன்று இருந்தது. ஒன்றுபோலவே கட்டப்பட்ட அடுக்குமாடிகளைச் சுற்றித் தொடக்கத்தில் மரங்களும் புல்லும் இருந்தன. புழுதியையும் பராமரிப்புச் செலவையும் குறைப்பதற்காகப் பல இடங்களில் அவற்றை எடுத்துவிட்டுத் தளம் போட்டார்கள், சில கட்டடங்களைச் சுற்றி மட்டும் பசுமை தங்கியது. யாருக்கு எந்த வீடு என்பதை வீட்டுவசதி நிர்வாகமே ஒதுக்கியதால், மரத்தை விரும்புகிறவர்கள் மரத்தடி வீடுகளைத் தேடிப் போய்க் குடியேறினார்கள் என்று சொல்ல வழியில்லை. ஃபிரான்சிஸ் குவோ, வில்லியம் சல்லிவன் முதலியோர் 1998-இல் வெளியிட்ட ஆய்வில், மரங்களுள்ள பொதுவெளியை ஒட்டி வாழ்ந்தவர்கள் அந்த வெளியை அதிகம் பயன்படுத்தினர், அண்டை வீட்டாரை அதிகம் அறிந்திருந்தனர், ஒருவருக்கொருவர் கைகொடுப்பதும் அதிகம் என்று தெரியவந்தது. மரம் நிழல் தருகிறது, நிழலில் நிற்பவர்கள் பேசுகிறார்கள், அவ்வளவுதான் சூட்சுமம். இயற்கை, அண்டை என்று இரண்டு தனித்தனி நோக்கங்களை எடுத்துக்கொண்டு, ஒன்றுக்குப் பூங்காவும் மற்றதற்குக் கூடமும் என்று பிரித்துக் கொடுப்பது இதனால்தான் தவறான தொடக்கம். ஒரே இடம் இரண்டு வேலையையும் செய்யும்.

இதைத் தெளிந்து செய்த குடியிருப்பு என்று ஒன்றைக் காட்டச் சொன்னால், கலிஃபோர்னியாவின் டேவிஸ் நகரிலுள்ள வில்லேஜ் ஹோம்ஸைக் காட்டுவேன். மைக்கேல் கார்பெட், ஜூடி கார்பெட் இணையர் 1970-களின் நடுவில் தொடங்கிய அக்குடியிருப்பு, சுமார் 70 ஏக்கரில் 200-க்கும் சற்று அதிகமான வீடுகளைக் கொண்டது. வாகனம் வரும் தெருக்கள் வழக்கத்தைவிடக் குறுகலானவை. நீண்டு வளைந்து முட்டுச்சந்தாக முடிபவை. வீடுகளின் மறுபக்கத்தில், நடப்பவர்களுக்கும் மிதிவண்டிக்காரர்களுக்கும் மட்டுமான பாதை ஓடுகிறது. மழைநீரை நிலத்தடிக் குழாயில் இறக்கி வெளியேற்றுவதற்குப் பதிலாக, அந்தப் பாதைகளை ஒட்டி ஆழம் குறைந்த வாய்க்கால்களை வெட்டி, சிறு தடுப்புகளால் ஓட்டத்தைத் தணித்து, தண்ணீர் மண்ணிலேயே இறங்கும்படி செய்தார்கள். நகராட்சி அதிகாரிகளுக்கு இதில் முதலில் நம்பிக்கை இல்லை. ஆனால் வாய்க்கால்கள் வேலை செய்தன. குழாய் பதிக்காததால் மிஞ்சிய பணம் மரம் நடவும் பொதுவெளி அமைக்கவும் பயன்பட்டது. வடிகாலுக்கான செலவே தோட்டமாக மாறியது என்று சொன்னால் மிகையாகாது.

அங்கே எனக்கு மிகவும் பிடித்தது வேறொன்று. ஏறக்குறைய எட்டு வீடுகள் சேர்ந்து ஒரு பொது நிலத்தைப் பகிர்ந்துகொள்கின்றன. அதில் என்ன வேண்டும் என்பதை அந்த எட்டு வீட்டாரே முடிவு செய்கிறார்கள். ஒரு குழு பழமரம் வைத்திருக்கும், இன்னொரு குழு வெறும் புல்தரையாக விட்டிருக்கும், வேறொன்று பிள்ளைகளுக்கு மணல்தொட்டி போட்டிருக்கும். மொத்தக் குடியிருப்புக்கும் சொந்தமான தோட்டங்களும் திராட்சைப் பந்தல்களும் தனியாக உண்டு. எல்லோருக்கும் பொது, சிலருக்குப் பொது, ஒருவருக்கே உரியது என்ற மூன்று படிகளும் அங்கே தெளிவாக இருக்கின்றன.

நடுப்படியான ‘சிலருக்குப் பொது’ என்பதைத்தான் பெரும்பாலான திட்டங்கள் மறந்துவிடுகின்றன. அமெரிக்காவின் செயின்ட் லூயிஸ் நகரிலிருந்த புரூயிட்-ஐகோ என்ற அரசுக் குடியிருப்பு 11 மாடிகள் கொண்ட 33 கட்டடங்களாக 1950-களின் நடுவில் எழுந்து, 1972-லிருந்து தகர்க்கப்பட்ட கதை பலருக்கும் தெரிந்திருக்கும். அதை ஆராய்ந்த ஆஸ்கர் நியூமன் கவனித்த ஒரு சிறு செய்தி, தகர்ப்பைக் காட்டும் புகைப்படங்களைவிட முக்கியமானது: இரண்டே குடும்பங்கள் பகிர்ந்துகொண்ட மாடிப்படி முகப்புகள் சுத்தமாகப் பேணப்பட்டிருந்தன; இருபது குடும்பங்கள் பகிர்ந்துகொண்ட நடைவழிகளும், எல்லோருக்கும் பொதுவான மைதானமும் சீரழிந்து கிடந்தன. அதே மக்கள், அதே வருமானம், அதே கட்டடம். பராமரிப்புக்குப் பணம் இல்லாமற்போனது, நகரமே மக்களை இழந்துகொண்டிருந்தது போன்ற காரணங்கள் அந்தக் குடியிருப்பின் வீழ்ச்சியில் பெரும்பங்கு வகித்தன என்பதை மறுக்கக் கூடாது. வடிவமைப்பு மட்டுமே குற்றவாளி என்று சொல்வது கட்டடக்கலைஞர்களுக்குத் தேவைக்கு மேல் அதிகாரம் கொடுப்பதாகும். ஆனாலும் ஓர் இடம் யாருடையது என்பது பார்த்த மாத்திரத்தில் தெரியாவிட்டால் அது யாருடையதும் அல்லாமல் போகும் என்ற நியூமனின் வாதம் இன்றும் நிற்கிறது. ஐந்து முதல் பன்னிரண்டு வீடுகள் என்ற அளவில் ஒரு முற்றம் என்பது என் கணக்கு. அதற்குக் குறைந்தால் ஒரு சண்டை வந்தாலே முற்றம் காலியாகிவிடும். மிகவும் கூடினால் ‘யாராவது பார்த்துக்கொள்வார்கள்’ என்ற பேச்சு தொடங்கிவிடும்.

நல்ல எண்ணத்தோடு செய்தும் எதிர்பார்த்தபடி நடக்காத எடுத்துக்காட்டு ஒன்றையும் சொல்ல வேண்டும். அமெரிக்காவின் நியூ ஜெர்சி மாநிலத்திலுள்ள ராட்பர்ன் குடியிருப்பை, கிளாரன்ஸ் ஸ்டீன், ஹென்றி ரைட் ஆகிய இருவரும் 1929-இல் உருவாக்கினார்கள். கார்கள் வீட்டின் ஒருபுறம் முட்டுச்சந்தில் நிற்கும். வரவேற்பறை மறுபுறம் பூங்காவைப் பார்க்கும். பூங்கா வழியாகவே பள்ளிக்கு நடந்துவிடலாம், சாலையைக் கடக்க வேண்டிய இடத்தில் சுரங்கப்பாதை உண்டு. ராட்பர்ன் இன்றும் மதிப்போடு வாழ்கிறது. ஆனால் பின்னாளில் பிரிட்டனிலும் ஆஸ்திரேலியாவிலும் அரசுக் குடியிருப்புகளில் அதை நகலெடுத்தபோது விளைவு வேறாக இருந்தது. மக்கள் காரிலிருந்து இறங்கி நேரே சமையலறைக் கதவு வழியாக உள்ளே போனார்கள், பிள்ளைகள் வழவழப்பான தார்த்தரையுள்ள முட்டுச்சந்தில் விளையாடினார்கள், முன்வாசல் என்று வரையப்பட்ட பக்கம் ஆளரவமற்ற பின்பக்கமாகி, உயரமான வேலிகள் முளைத்தன. பசுமை ஒருபக்கமும் அன்றாட நடமாட்டம் மறுபக்கமும் என்று பிரிந்தால், பசுமை எவ்வளவு பெரிதாக இருந்தாலும் தோற்கும்.

அதனால் கார் எங்கே நிற்கிறது என்பது பலர் நினைப்பதைவிடப் பெரிய முடிவு. வீட்டுக்குள்ளேயே காரை நிறுத்தினால் வீட்டுக்காரர் தெருவில் கால் வைக்கவே மாட்டார். டென்மார்க்கில் 1970-களில் தொடங்கிய கூட்டுக் குடியிருப்புகளில் கார்கள் ஓரத்தில் ஒரே இடத்தில் நிறுத்தப்படும். அங்கிருந்து வீட்டுக்கு நடக்கும் வழியில்தான் பொதுச் சமையலறையும் கடிதப்பெட்டிகளும் இருக்கும். கோபன்ஹேகனுக்கு வடக்கே 27 குடும்பங்களுக்காக 1972-இல் முடிந்த சேட்டர்டாமன் அவற்றில் முன்னோடி. ஜெர்மனியின் ஃபிரைபர்க் நகரிலுள்ள வாபான், இதையே ஐயாயிரத்துக்கும் மேற்பட்டோர் வாழும் அளவில் செய்து காட்டியது. பிரெஞ்சு ராணுவம் 1992-இல் காலிசெய்த பாசறை நிலம் அது. பழைய மரங்களை வெட்டாமல் அவற்றுக்கேற்பக் கட்டடங்களை அமைத்தார்கள்; பெரும்பாலான உட்தெருக்களில் வாகனம் நடைவேகத்தில் வந்து இறக்கிவிட்டுப் போகலாம், நிற்க முடியாது; கார் வைத்திருப்பவர் ஓரத்திலுள்ள அடுக்கு நிறுத்துமிடத்தில் தனியாகப் பணம் கொடுத்து இடம் வாங்க வேண்டும். 2006-இல் டிராம் வந்து சேர்ந்தது. முதியவர்களுக்கும் மாற்றுத்திறனாளிகளுக்கும் வாசல்வரை வண்டி வர வழி இருக்க வேண்டும் என்பதை மட்டும் எந்தக் கொள்கைக்காகவும் விட்டுக்கொடுக்கக் கூடாது.

இணைப்பைப் பற்றி ஆர்வத்தோடு பேசுகிறவர்கள் பலரும் விட்டுவிடும் பொருள் தனிமை. வாசலைத் திறந்தாலே யாரோ பேச்சுக்கொடுக்க வேண்டும் என்ற நிலை வந்தால், மக்கள் திரைச்சீலையை இழுத்துவிட்டு உள்ளே இருந்துவிடுவார்கள். விரும்பினால் சேரலாம், விரும்பாவிட்டால் ஒதுங்கலாம் என்ற வசதிதான் பழக்கத்தை வளர்க்கிறது. இதற்கு உதவுவது வீட்டுக்கும் பொதுப்பாதைக்கும் இடையிலுள்ள சில அடி இடம். வீட்டுத்தளத்தைப் பாதையைவிட ஓரிரு படிகள் உயர்த்தி, ஒரு நாற்காலி போடவும் சில செடிகள் வைக்கவும் இடம்விட்டு, இடுப்பளவு உயரத்தில் ஒரு வேலியோ குட்டைச்சுவரோ வைத்தால், உள்ளே உட்கார்ந்திருப்பவர் தன் எல்லைக்குள் இருந்தபடியே தெருவில் போகிறவரோடு பேசலாம், எழுந்து கதவைச் சாத்திக்கொள்ளவும் செய்யலாம். டென்மார்க்கின் கட்டடக்கலைஞர் யான் கேல் இத்தகைய மென்மையான விளிம்புகளைப் பற்றி நெடுங்காலம் எழுதிவந்தவர். ஏறத்தாழ ஐந்தாவது மாடிக்கு மேல் வாழ்பவருக்குத் தெருவோடுள்ள தொடர்பு அறுந்துவிடுகிறது என்பதும் அவர் சொன்னதே. உயரமாகக் கட்டியே ஆக வேண்டிய இடங்களில், சில மாடிகளுக்கு ஒருமுறை திறந்த பொதுத்தளம் விட்டு, அதைச் சுற்றியுள்ள வீடுகளுக்கு உரியதாக்குவது ஓரளவு ஈடுசெய்யும். தரையின் இடத்தை அது முழுதாகப் பிடிக்காது.

இனி மரமும் தண்ணீரும். வரைபடத்தில் பச்சை வட்டம் போடுவது எளிது. அந்த வட்டத்தின் அடியில் மண் எவ்வளவு இருக்கிறது என்பதுதான் மரத்தின் ஆயுள். நடைபாதையில் மூன்றடிக்கு மூன்றடி குழிவெட்டி, சுற்றிலும் தளம் போட்டு இறுக்கிய இடத்தில் வைக்கும் மரம் நிழல்தரும் பருவத்தை எட்டுவதற்கு முன்பே தேய்ந்துவிடும். தனித்தனிக் குழிகளுக்குப் பதில், தொடர்ச்சியான மண்பட்டை ஒன்றில் பல மரங்கள் வேரைப் பகிர்ந்துகொள்ளும்படி நடுவது நல்லது. தளத்திலிருந்து வழியும் மழைநீரும் அந்தப் பட்டைக்குள்ளேயே இறங்க வேண்டும். ஒரே வகை மரத்தை வரிசையாக நடும் ஆசையையும் அடக்க வேண்டும். அமெரிக்க நகரங்களின் தெருக்களில் எல்ம் மரங்களையே அணிவகுத்து நட்டதால், இருபதாம் நூற்றாண்டில் பரவிய ஒரே பூஞ்சை நோய் தெருத்தெருவாக நிழலைப் பறித்தது. மர ஆய்வாளர் ஃபிராங்க் சாந்தமூர் 1990-இல் முன்வைத்த அளவுகோலின்படி, நடும் மரங்களில் ஓர் இனம் 10 விழுக்காட்டையும், நெருங்கிய இனங்கள் சேர்ந்த ஒரு பேரினம் 20 விழுக்காட்டையும், பேரினங்கள் சேர்ந்த ஒரு தாவரக் குடும்பம் 30 விழுக்காட்டையும் தாண்டக் கூடாது. பறவையும் வண்ணத்துப்பூச்சியும் வர வேண்டுமானால் அந்தந்த மண்ணுக்குரிய செடிகளும், கொஞ்சம் வெட்டப்படாத புதரும், இரவில் மங்கலான விளக்கும் வேண்டும். ஆனால் நடைபாதையை ஒட்டி ஆளுயரப் புதர் வேண்டாம். மறைவு அச்சத்தைத் தரும், அச்சம் வந்த பாதையை யாரும் பயன்படுத்தமாட்டார்கள். பாதையோரம் உயர்ந்த கிளையுள்ள மரமும் தாழ்ந்த செடியும், தள்ளி இருக்கும் மூலையில் அடர்த்தி என்று பிரித்துக்கொள்ளலாம்.

வீட்டிலிருந்து குறைந்தது மூன்று மரங்கள் தெரிய வேண்டும், வட்டாரத்தில் 30 விழுக்காடு மரநிழல் வேண்டும், 300 மீட்டருக்குள் பூங்கா வேண்டும் என்று நகர்ப்புற மர ஆய்வாளர் சீசில் கோனைனெண்டைக் 2021-இல் சொன்ன விதி இன்று பரவலாக மேற்கோள் காட்டப்படுகிறது. மூன்றில் முதலாவதை நான் பெரிதாக மதிக்கிறேன். ரோஜர் உல்ரிச் 1984-இல் வெளியிட்ட ஆய்வில், பித்தப்பை அறுவை செய்துகொண்டவர்களில் சன்னலுக்கு வெளியே மரங்களைப் பார்த்தவர்கள் சராசரியாக 7.96 நாள்களிலும், செங்கல் சுவரைப் பார்த்தவர்கள் 8.70 நாள்களிலும் வீடு திரும்பினார்கள். மொத்தம் 46 பேரைக் கொண்ட சிறிய ஆய்வுதான்; அதன்மேல் மாளிகை கட்டக் கூடாது. இருந்தாலும் படுக்கையைவிட்டு எழ முடியாதவருக்கும் எட்டும் இயற்கை சன்னல் வழியாகத்தான் வரும் என்பதை அது நினைவில் நிறுத்துகிறது.

தண்ணீருக்கு ஓர் எடுத்துக்காட்டு போதும். சிங்கப்பூரின் பீஷான்-அங் மோ கியோ பூங்காவில், 2.7 கிலோமீட்டர் நீளத்துக்கு நேர்கோடாக ஓடிய கான்கிரீட் கால்வாயை உடைத்து, வளைந்து ஓடும் 3.2 கிலோமீட்டர் ஆறாக 2012-இல் மாற்றினார்கள். கரையைக் கான்கிரீட்டுக்குப் பதில் செடிகளின் வேரும் கற்களும் தாங்குகின்றன. வறண்ட நாளில் பிள்ளைகள் இறங்கி விளையாடும் அதே பள்ளம், கனமழையில் வெள்ளத்தைச் சுமக்கிறது. நீர்மட்டம் ஏறும்போது எச்சரிக்கும் ஏற்பாடும் உண்டு. வேலிபோட்டு மறைத்த வடிகாலாக இருந்தது, இருகரையிலும் வாழ்பவர்கள் சந்திக்கும் இடமானது.

பராமரிப்பு என்ற சலிப்பூட்டும் சொல்லில்தான் நல்ல திட்டங்கள் பலவும் சாகின்றன. பொதுத்தோட்டம் வாடிப்போன இடங்களில், ஆர்வம் குறைந்ததுதான் காரணம் என்பார்கள். போய்ப் பார்த்தால், தண்ணீர்க் குழாய் எங்கோ கட்டடத்தின் மறுபுறம் இருக்கும், மண்வெட்டியும் கத்தரியும் ஒருவர் வீட்டில் பூட்டிக் கிடக்கும். ஒவ்வொரு முற்றத்திலும் ஒரு குழாய், கருவிகள் வைக்கப் பொதுச்சாவியுள்ள சிறு அறை, நிழலில் முதுகுசாய்ந்து உட்கார ஓர் இருக்கை ஆகிய மூன்றும் இல்லாமல் ‘மக்கள் பங்கேற்பு’ என்று எழுதுவதில் பொருளில்லை. நட்ட மரத்துக்கு முதல் இரண்டு மூன்று ஆண்டுகள் தண்ணீர் ஊற்றும் செலவைக் கட்டுமானச் செலவிலேயே சேர்த்துவிட வேண்டும். பெரிய மரங்களைக் கவாத்து செய்வது, வாய்க்காலில் வண்டல் எடுப்பது போன்றவற்றைக் குடியிருப்போர் சங்கம் கூலி கொடுத்துச் செய்யட்டும். பூவும் காயும் வளர்ப்பதை மட்டும் வீட்டார் கையில் விடலாம். எல்லாவற்றையும் தன்னார்வலர்கள் தலையில் கட்டினால், மூன்றாவது ஆண்டில் இரண்டே பேர் மிஞ்சுவார்கள், அவர்கள் இருவரும் பேசிக்கொள்ளவும் மாட்டார்கள்.

சங்கடமான ஒன்றும் உண்டு. பசுமையும் அமைதியும் வந்த இடத்தில் வாடகை ஏறும், ஏறினால் நெடுநாள் பழகியவர்கள்தான் முதலில் வெளியேற வேண்டிவரும். வெவ்வேறு அளவிலும் விலையிலும் உள்ள வீடுகளை ஒரே முற்றத்தைச் சுற்றிக் கலந்து அமைப்பதும், ஒரு பங்கு வீடுகளைக் கூட்டுறவுச் சங்கத்தின் அல்லது அரசின் உடைமையாக வைத்திருப்பதும் தொடக்கத்திலேயே செய்ய வேண்டியவை. பின்னால் சேர்க்க நினைத்தால், அதற்குள் நிலத்தின் விலை இடம்கொடுக்காது.

ஏற்கெனவே கட்டிமுடித்த தெருக்களில் வாழ்பவர்கள் இதையெல்லாம் படித்துவிட்டுச் சோர்ந்துபோக வேண்டியதில்லை. குறுக்குவழியாகப் பாயும் வாகனங்களைத் தெருவின் ஒரு முனையில் தடுத்துவிட்டாலே ஆப்பிள்யார்டின் மூன்றாவது தெருவிலிருந்து முதல் தெருவுக்குப் பாதித் தூரம் வந்தாயிற்று. நடப்பவரும் மிதிவண்டியும் அவசர ஊர்தியும் போக வழிவிட்டு, சில செடித்தொட்டிகளை வைத்துச் சில மாதங்கள் சோதித்துப் பார்க்கலாம். பிடித்துப்போனால் தொட்டிகளை எடுத்துவிட்டுத் தளத்தைப் பெயர்த்து மரம் நடலாம்.

புதிதாகக் கட்டுபவர்களுக்கு இன்னொன்று. மரங்களையும் வாய்க்கால்களையும் வீடுகளுக்கு முன்பே அமைத்துவிடுங்கள், அவை வளர்வதற்குக் காலம் பிடிக்கும். ஆனால் ஒவ்வொரு முற்றத்தின் நடுப்பகுதியையும் வெற்று மண்ணாகவே விடுங்கள், அதற்கான தொகையைத் தனியே ஒதுக்கி வையுங்கள். ஒரு மழைக்காலமும் ஒரு கோடையும் கழிந்தால் எங்கே தண்ணீர் தேங்குகிறது, மாலையில் நிழல் எங்கே விழுகிறது, பிள்ளைகள் எந்தக் குறுக்குவழியில் புல்லைத் தேய்த்துப் பாதை போட்டிருக்கிறார்கள் என்பது அங்கு வாழ்பவர்களுக்கே தெரிந்திருக்கும். அந்தத் தொகையை அப்போது அவர்களிடம் கொடுத்து, என்ன வேண்டும் என்று கேளுங்கள்.